உப்போடை மீனுக்கு ஒரு மூக்கு

சேசு மரி சூசை துணை

செஞ்சி
23-1-2026, வெள்ளி

அன்புக்கரசிக்கு,

பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் இருதயநாதன், மருமகள் ஜெனிபர், எதிர்வீட்டுக் கலைச்செல்வி, பெட்டியைக் கொண்டுவந்து வைத்த திண்டிவனம் பஸ் டிரைவர் விநாயகம். வாசற்படிக்கு வெளியே ஒரு பூனை. வேறு யாரும் இல்லை. கலைச்செல்வி பார்த்துவிட்டதால் இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும், அது வேறு விஷயம்.

பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் ஐந்து மடவை மீன். மேலே பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டுச் சீட்டு: "உப்போடையில் பிடித்தது. ஆக்கித் தின்று பார்த்து உண்மையைச் சொல். அன்புக்கரசி." அவ்வளவுதான். சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஏழு வருஷம் கழித்து வருகிற எழுத்துக்கு இத்தனை சிக்கனம் உனக்குத்தான் வரும்.

"யாரும்மா இது, ஏதோ மிரட்டல் லெட்டர் மாதிரி இருக்குது?" என்று ஜெனிபர் கேட்டாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. சொன்னேன். பதினான்கு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து, செஞ்சி சந்தை வாசலில் அலுமினியக் கூடையை இறக்கியவள் என்று சொன்னேன். நமக்கு வெள்ளிக்கிழமை கறி கிடையாது, அதனால் அவள் மீன்தான் நம் வீட்டு வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். எவனோ கடலில் கொட்டிய கப்பல் எண்ணெய் அவள் ஊர் ஓடைக்குள் ஏறிய பிறகு வந்த தவக்காலத்து வெள்ளி ஒன்றில், நான் அவள் மீனை எடுத்து மோந்து பார்த்து, பதினோரு பெண்கள் கேட்க, "டீசல் நாத்தம்டி இது!" என்று கத்தியதையும் சொன்னேன். பதினோரு பேரும் மீனைத் திரும்பக் கூடையில் போட்டார்கள். நீ கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாய். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வரவே இல்லை.

தினமும் என்ன சமைத்தேன் என்று எழுதி வைக்கிற என் நோட்டில் அன்றைக்கு எழுதியது அப்படியே இருக்கிறது: "மடவை. டீசல் நாற்றம். அன்பு கோபித்துக்கொண்டாள்." அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் முட்டை, கருவாடு, பருப்பு என்றுதான் இருக்கிறது. கடையில் மீன் கிடைக்காமல் இல்லை. வாங்கப் பிடிக்கவில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். இன்று மதியம் புளிக்குழம்பு வைத்தேன். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டார். ஜெனிபர் மீன் தொடமாட்டாள். கலைச்செல்விக்குத் தை வெள்ளி விரதம்.

ஏன் இப்போது அனுப்பினாய்? உன் போன் நம்பர் மாறிவிட்டது. புதியதை எழுது.

பாக்கியம்


உப்போடைக்குப்பம்
29-1-2026

பாக்கியம் அக்காவுக்கு அன்புக்கரசி எழுதுவது.

எல்லார் பெயரையும் எழுதியிருக்கிறாய். பூனை பெயரை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்?

போன் நம்பர் தரமாட்டேன். உன் குரலைக் கேட்டால் என் கோபம் அரை நிமிஷம் தாங்காது. ஏழு வருஷம் சோறு போட்டு வளர்த்த கோபம். அதை அப்படி ஒரே போனில் தொலைக்க மனசில்லை. எழுது, போதும்.

ஏன் இப்போது என்று கேட்டாய். சொல்கிறேன்.

அந்த டிசம்பரில் கறுப்பாக வந்தது ஓடைக்குள் ஏறி, அலையாத்தி மரத்து வேரெல்லாம் தார் பூசியது போலாகிவிட்டது. நண்டுகள் வளையை விட்டு மேலே ஏறிவந்து கரையில் செத்தன. கொக்கு ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது, பறக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தாண்டவராயன் அதைத் தூக்கிவந்து சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். கையில் நான்கு கொத்து வாங்கியதுதான் மிச்சம், கொக்கு பிழைக்கவில்லை. ஆட்கள் வந்து மேலே மிதந்ததை வாளியில் மொண்டு போனார்கள். தண்ணீர் தெளிந்தது. தீர்ந்தது என்று நினைத்துத்தான் உன்னிடம் மீன் கொண்டுவந்தேன்.

தீரவில்லை அக்கா. அது சேற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு மழைக்கும் சேறு கலங்கும், தண்ணீர் மேல் கலர் கலராக மினுக்கும். மடவை சேற்றைத் தின்கிற மீன். ஆகவே எல்லா மீனும் சுத்தமான பிறகும் மடவையில் நாற்றம் இருக்கும். நீ கத்திய அடுத்த மாதம் ஊர் கூடியது. நாற்றம் போகும்வரை ஓடையில் பிடித்ததை யாரும் விற்கக்கூடாது என்று முடிவானது. ஏழு வருஷம் யாரும் மீறவில்லை. பாதிப் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. நான் துறைமுகத்து மீனை ஏலம் எடுத்துத் திண்டிவனத்தில் விற்றேன். ஓடை வாசலில் வீட்டை வைத்துக்கொண்டு ஊரான் பிடித்த மீனை விற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

போன மழைக்குக் கலர் வரவில்லை. நாங்கள் எல்லாரும் போய்க் கரையில் நின்று பார்த்தோம், வரவே இல்லை. நண்டு வளை எண்ண முடியாத அளவு. செத்த மரத்தடியில் கன்றுகள் இடுப்பு உயரம் நிற்கின்றன. மார்கழியில் பூநாரை இறங்கியது. ஒரு கல்லூரிப் பிள்ளைகள் சேறும் மீனும் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, வடக்கு வளைவு மட்டும் இன்னும் ஆகாது, மற்ற இடம் பரவாயில்லை என்று காகிதம் அனுப்பினார்கள்.

ஊர்க்கூட்டத்தில் அதைப் படித்தார்கள். எங்கள் பெரியவர் துரைக்கண்ணு மாமா கேட்டார்: "காயிதம் மீன் துன்னுமா? மொதல்ல நாறுதுன்னு சொன்னது யாரு?"

"செஞ்சி பாக்கியம்" என்றேன்.

"அப்போ அந்தம்மாவே சொல்லட்டும். அது மூக்குக்குப் பயந்துதானே ஓடையை மூடுனோம்."

இதனால்தான் பெட்டி. உன் கடிதத்தை நேற்றுக் கோயில் வாசலில் வைத்துப் படித்தேன். "ஒரு நாற்றமும் தெரியவில்லை" என்ற வரியை மூன்று தரம் படிக்கச் சொன்னார்கள். மாசி மகத்துக்கு முன்னால் ஓடையைத் திறக்கிறோம். தாண்டவராயன் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டே பாடுகிறார். அவர் பாடி ஏழு வருஷம் ஆகிறது. அந்த ஏழு வருஷமும் ஒரு விதத்தில் நல்ல வருஷம் என்று இப்போதுதான் தெரிகிறது.

கோபம் இன்னும் இருக்கிறது, மறந்துவிடாதே.

அன்புக்கரசி


சேசு மரி சூசை துணை

செஞ்சி
2-2-2026, திங்கள்

அன்புக்கு,

வலையை நிறுத்து. ஈயக்குண்டு கோப்பதை நிறுத்து. இதைப் படித்த உடனே துரைக்கண்ணு பெரியவரிடம் போய்ச் சொல், பிறகு மீதியைப் படி.

எனக்கு வாசனை தெரியாது.

கொரோனா வந்த வருஷம் காய்ச்சலில் போனது திரும்பி வரவே இல்லை. ஐந்து வருஷம் ஆகிறது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார் டாக்டர். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சாம்பாரை இரண்டு தரம் தீய்த்தேன், அடுப்பில் கேஸ் திறந்திருந்ததை ஜெனிபர் வந்து மூடினாள். "இன்னாம்மா, இந்த நாத்தம் தெரியலையா?" என்று கேட்டாள். சளி என்று சமாளித்தேன். கோயிலில் தூபம் போடும்போது எல்லாரும் கண்ணை மூடினால் நானும் மூடிக்கொள்வேன். மல்லிகைப்பூ வாங்கும்போது பூக்காரி எதிரில் ஒரு தரம் மோந்து பார்ப்பேன். பழக்கத்தை விட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று.

நீ கேட்டது என் மூக்கை. நான் பதிலாக அனுப்பியது "தெரியவில்லை" என்ற வார்த்தையை. எழுதும்போது எனக்குத் தெரியும், அதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று. தெரிந்தேதான் எழுதினேன். உண்மையைச் சொன்னால் நீ வேறு யாரிடமாவது பெட்டியை அனுப்பிவிடுவாய், எனக்கு மறுபடியும் ஏழு வருஷம் என்று பயந்துவிட்டேன். நீ எதற்காகக் கேட்கிறாய் என்று அப்போது தெரியாது. ஒரு ஊரே என் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வலை கோக்கும் என்று நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டதைக் கணக்கில் எடுக்காதே. கல்யாணமான புதிதில் நான் உப்புக்குப் பதில் சோடா மாவு போட்டதையும் இரண்டு தட்டு சாப்பிட்டவர் அவர்.

உன் கடிதம் வந்த அன்று பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கேட்டுவிட்டு, "மன்னிப்பு அப்புறம், மொதல்ல தபாலாபீஸ் போங்க" என்றார். போகிறேன்.

அந்த மீன் நல்லதா கெட்டதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. கெட்டதாக இருந்து, நீங்கள் திறந்து விற்று, இன்னொரு சந்தையில் இன்னொருத்தி கத்தினால், அதற்கும் நான்தான் காரணம். அதனால் நிறுத்து.

நேற்று மத்தியானம் வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஜெனிபர் போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி என் மூக்கருகே காட்டினாள். தெரியவில்லை என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் "அப்போ என் சட்டைய தெனமும் மோந்து பாத்து தொவைக்கப் போட்டதெல்லாம்?" என்றார். நடிப்பு என்றேன். "நல்லா நடிச்ச" என்றார்.

நீ திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பாக்கியம்


உப்போடைக்குப்பம்
7-2-2026

அக்கா,

திட்டிவிட்டேன். இரண்டு பக்கம் எழுதித் திட்டி, படித்துப் பார்த்து, அதை அடுப்பில் போட்டுவிட்டேன். எந்த எந்த வார்த்தை என்று நீயே யோசித்துக்கொள், எல்லாம் அதில் இருந்தது.

மறுபடி கூட்டம் கூட்டி நான்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. "பெரியவரே, அந்தம்மாவுக்கு மூக்கு இல்லையாம்." எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். பிறகு துரைக்கண்ணு மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. "ஏழு வருசமா ஒரு மூக்குக்குப் பயந்துகினு இருந்தோம், அதுல அஞ்சு வருசம் மூக்கே இல்லையா!" என்றார். ஊரே சிரித்தது. தாண்டவராயன் மட்டும் சிரிக்கவில்லை. வலையைச் சுருட்டி மச்சில் போட்டுவிட்டார். பாட்டும் நின்றுவிட்டது. இந்த முறை எனக்கே அது நன்றாக இல்லை.

நீ சொன்னதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீர்ந்தது என்று நினைத்துக் கொண்டுவந்தேன் என்று முன்பு எழுதியது பொய். அன்றைக்கு உன்னிடம் கொண்டுவந்த மீன் நாறும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் இரண்டு தரம் புளித்தண்ணீரில் அலசினேன். மூன்றாம் தரம் எலுமிச்சை போட்டேன். பஸ்ஸில் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன், உன் சாமியைத்தான், உன்னிடமிருந்து காப்பாற்ற. வேறு மீன் இல்லை, வெறுங்கூடையோடு வந்தால் வாடிக்கை போய்விடும் என்று பயம். அன்றைக்கு நீ பொய் சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. நிஜத்தைச் சொன்னதால்தான் வந்தது. பொய் சொல்லியிருந்தால் மறுநாளே உன்னிடம் சண்டை போட்டு முடித்திருப்பேன். நிஜத்தோடு எப்படிச் சண்டை போடுவது? வராமல் இருந்துவிட்டேன்.

ஊரில் இப்படி முடிவானது. மூக்கு இல்லையென்றால் நீ நாக்குகளைச் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் யாரும் பார்க்கக்கூடாது, எங்களுக்கு ஆசை இருக்கிறது, ஆசை நாற்றத்தை மறைக்கும். அன்றைக்கு மீனைத் திரும்பப் போட்டவர்களில் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடு.

மூன்று விதமான மடவை வரும், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் செவுளிலும் நூல் கட்டியிருக்கும், சிவப்பு, வெள்ளை, மஞ்சள். ஒன்று எங்கள் ஓடை. ஒன்று துறைமுகத்து ஏலத்தில் எடுத்தது. ஒன்று தெற்கே வேறு ஊர் முகத்துவாரத்து மீன். எது எது என்று துரைக்கண்ணு மாமா எழுதிக் கோயில் பெட்டிக்குள் பூட்டி வைப்பார். எனக்கும் தெரியாது, கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

குழம்பு வைக்காதே. புளி எதையும் மறைக்கும், என்னைவிட அது யாருக்குத் தெரியும்? மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுத் தனித்தனிச் சட்டியில் அவி. அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுது. அழகுபடுத்தாதே.

நாறுகிறது என்று வந்தால் ஓடை மூடியே இருக்கும். அதையும் எழுது.

அன்புக்கரசி


சேசு மரி சூசை துணை

செஞ்சி
20-2-2026, வெள்ளி

அன்புக்கு,

இன்று தவக்காலத்து முதல் வெள்ளி. ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். பெட்டி பன்னிரண்டரைக்கு வந்தது, விநாயகம் பஸ்ஸை நிறுத்தத்தில் விட்டுவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மணிக்கு மூன்று சட்டியும் இறங்கின.

தின்று பார்த்தவர்கள் மூன்று பேர். கலைச்செல்வி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையற்கடை வைத்திருக்கிற மஞ்சு, பள்ளிக்கூடத்து ஜாஸ்மின் டீச்சர். மூன்று பேரும் அன்றைக்கு மீனைத் திரும்பப் போட்டவர்கள். மற்ற எட்டுப் பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை, ஐந்து பேர் வெளியூர், ஒருத்தி என்னோடு பேசுவதில்லை, அதற்குக் காரணம் மீன் இல்லை. ஜெனிபர் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பரிமாறினாள். எந்தச் சட்டிக்கு எந்த நூல் என்பதை அவள் மட்டும் அறிவாள், சமையலறையில் எழுதி வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும். விநாயகம் சாட்சியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தார், அவருக்குத் தட்டு கொடுக்கவில்லை.

மஞ்சுவுக்குப் பழைய விஷயம் குறுகுறுத்தது. "அன்னிக்கு நான் இன்னும் மோந்தே பாக்கல அக்கா. நீ கத்துன, நான் போட்டுட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சி இப்பவும் நெனப்புல இருக்குது" என்றாள். இன்றைக்கு மோந்து பார் என்றேன்.

முதல் தட்டு. மூன்று பேரும் மெதுவாகத் தின்றார்கள். ஜாஸ்மின் டீச்சர்: "சுமார். மண் வாசனை கொஞ்சம் இருக்குது. எண்ணெய் இல்ல." மற்ற இரண்டு பேரும் அதேதான்.

இரண்டாவது தட்டு. கலைச்செல்வி ஒரு வாய் வைத்தாள், நிறுத்தினாள். "இதுல இருக்குது" என்றாள். மஞ்சு தின்று பார்த்து, "ஆமாங்க்கா. லேசா. லாரி பின்னாடி நிக்கிற மாதிரி" என்றாள். டீச்சரும் தலையாட்டினார். நான் ஓடிப்போய் அந்தத் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். மூக்கு இல்லை என்று தெரிந்தும் வைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. அப்போது எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதுகிறேன், அழகுபடுத்தவில்லை.

மூன்றாவது தட்டு. தின்றுகொண்டே இருந்தார்கள். "சொல்லுங்கடி" என்றேன். கலைச்செல்வி முள்ளை எடுத்துக்கொண்டே, "இரு, இன்னொரு துண்டு வெச்சாத்தான் சொல்ல முடியும்" என்றாள். இன்னொன்று வைத்தேன். டீச்சரும் தட்டை நீட்டினார். மஞ்சு சட்டியையே பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இனிப்பா இருக்குது. மஞ்ச உப்புல வெந்த மீன் இப்டி இருக்குமா?" என்றாள். விநாயகம் அதற்குமேல் தாங்கமாட்டாமல், "சாட்சி சாப்டக்கூடாதுன்னு எந்த சட்டத்துல இருக்குது?" என்று கையை நீட்டினார். மீன் தொடாத ஜெனிபர்கூடத் துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் ஜெனிபர் சீட்டைக் கொண்டுவந்தாள். முதல் தட்டு மஞ்சள் நூல். எண்ணெய் நாறியது சிவப்பு நூல். சட்டியோடு தீர்ந்தது வெள்ளை நூல்.

உங்கள் ஓடை சிவப்பாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னபடியே எழுதிவிட்டேன். மூன்று பேரும் கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்திலும் வெள்ளை வெள்ளை என்றே வேண்டிக்கொண்டேன். ஆண்டவர் மன்னிப்பார்.

பாக்கியம்


உப்போடைக்குப்பம்
26-2-2026

அக்கா அக்கா அக்கா,

வெள்ளை. வெள்ளை. எங்களுடையது வெள்ளை!

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் கடிதத்தை முதலில் படித்தோம். நீ சட்டியையும் தட்டையும் இப்படி இழுத்து இழுத்து எழுதினால் படிக்கிறவள் உயிர் என்ன ஆவது? "இதுல இருக்குது" என்ற இடத்தில் தாண்டவராயன் எழுந்து போய்விட்டார், கூப்பிட்டுக்கொண்டு வந்தோம். நூலைப் படித்து முடித்ததும் துரைக்கண்ணு மாமா கோயில் பெட்டியைத் திறக்கப் போனார். சாவியை எங்கே வைத்தார் என்று மறந்துவிட்டது. முப்பது நாற்பது பேர், ஒரு பெட்டி, சாவி இல்லை. கடைசியில் அவர் சட்டைப்பையில் பல்செட் டப்பாவுக்குள் இருந்தது. காகிதத்தைத் தானே படிக்காமல் என்னிடம் கொடுத்தார். "நீயே படி. ஏழு வருசம் தூக்கினு நடந்தவ நீதான்" என்றார்.

எழுதியிருந்தது: மஞ்சள், தெற்கு முகத்துவாரம். வெள்ளை, உப்போடை. சிவப்பு, துறைமுகம்.

துறைமுகத்து மீன் நாறியிருக்கிறது பார்! விசைப்படகுக்காரன் ஐஸ் அறையில் டீசல் கேன் வைத்திருப்பான். ஏழு வருஷம் அதைத்தான் நான் திண்டிவனத்தில் விற்றுக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு பாக்கியம் இல்லை.

நேற்றுக் காலை ஓடையைத் திறந்தோம். வடக்கு வளைவில் மட்டும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம், அந்தப் பக்கம் சேற்றில் கோலை விட்டால் இன்னும் கறுப்பு வருகிறது. மட்டிச் சிப்பி எடுப்பதும் இன்னும் கூடாது. அது ஆகும்போது ஆகட்டும், எங்களுக்குக் காத்திருக்கத் தெரியும். மற்ற இடத்தில் வலை இறங்கியது. மடவை, கிழங்கான், இறால். நண்டு ஒன்று தாண்டவராயன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவர் வலியில் குதித்துக்கொண்டே சிரிக்கிறார், "உசுரோட இருக்குதுடி! எவ்ளோ பலமா கடிக்குது பாரு!" என்று. கரை முழுக்கக் கொக்கு. படகுக்குப் பின்னாலேயே நடந்து வந்தன, கூலி கேட்கிற ஆள் மாதிரி.

பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. பொறுத்துக்கொள்கிறேன்.

மார்ச் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை செஞ்சிக்கு ஒரு பெட்டி மடவை அனுப்புகிறேன். விநாயகத்திடம் சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்கு, மஞ்சுவுக்கு, டீச்சருக்கு, கலைச்செல்விக்கு. இனி வாராவாரம் வரும்.

நான் வரமாட்டேன் அக்கா. கோபம் இல்லை, அது செவ்வாய்க்கிழமையே போய்விட்டது, தேடிப் பார்த்தேன், காணோம். ஆனால் சந்தை வாசலில் எல்லார் எதிரிலும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தது இன்னும் காலில் இருக்கிறது. புளியில் அலசின மீனைக் கொண்டுவந்தவள் என்று எனக்குத் தெரியும், அது போதாதா? பெட்டி வரும். நான் எதற்கு?

அன்புக்கரசி


சேசு மரி சூசை துணை

செஞ்சி
1-3-2026, ஞாயிறு

அன்புக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். "வெள்ளை" என்று கத்தினேன். கலைச்செல்வி எதிர்வீட்டிலிருந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்று கத்தினாள். அவளுக்கு எப்போதும் அப்பவே தெரியும். மஞ்சு தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்தாள், கழுத்தில் இஞ்சுடேப்போடு. டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உங்கள் ஓடையைப் பற்றி ஒரு பாடமே நடத்திவிட்டாராம். என் வீட்டுக்காரர் பரணிலிருந்து பெரிய மண்சட்டியை இறக்கிக் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டார்.

பூசையில் நன்மை எடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். சாமியார், "மீன் இன்னா ஆச்சு?" என்று கேட்டார். நல்ல மீன் என்றேன். "அப்போ மன்னிப்பும் ஆச்சு" என்றார்.

இனி நான் சொல்வதைக் கேள். பெட்டியை விநாயகத்திடம் அனுப்பாதே. அனுப்பினால் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிடுவேன். இது மிரட்டல்தான்.

நீ அலசின புளியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் மஞ்சு என்ன சொன்னாள் தெரியுமா? "அன்னிக்கு நாங்க மோந்து பாக்காமயே போட்டோம். அந்தப் பொண்ணு வந்தா நாங்க மூணு பேரும் போய்க் கூடைய எறக்குவோம்" என்றாள். உன் காலில் இருப்பது அவர்கள் கையிலும் இருக்கிறது. இறக்கி வைக்க அவர்களுக்கும் ஒரு கூடை வேண்டும்.

எனக்கு வேண்டியது வேறு. முன்பெல்லாம் நீ சந்தைப் பக்கத்திலிருந்து எங்கள் தெரு முனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். உன் கூடை வாசனை உனக்கு முன்னால் வந்து வாசலில் நிற்கும். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். இப்போது அது இல்லை. ஒரு பெட்டி வந்து வாசலில் இருந்தால் அது மீனா, துணியா, எனக்கு எப்படித் தெரியும்? நீ தெருமுனையில் நின்று, "யக்கா, பாக்கியங்க்கா, இன்னா தூங்கறியா?" என்று கூப்பிட்டால்தான் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்று தெரியும். எனக்கு இனி மீன் காது வழியாகத்தான் வர வேண்டும்.

மார்ச் ஆறு. எட்டேகால் பஸ்ஸா, ஒன்பதரை பஸ்ஸா? மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், மஞ்சு கடையைச் சாத்த வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

பாக்கியம்